"இதுவரை வேற யாருமே சொல்லலையே சார்": இந்த பதிலை எத்தனை பேர் கேட்டிருக்கீங்க?

#1 | பழையரேடியோ

நண்பர்களே, புலம்பல்தான். கொஞ்சம் நீளம். முன்கூட்டியே மன்னிச்சுக்குங்க.

வீட்டு வாஷிங் மெஷின், முன்பக்கம் கதவு திறக்கிற வகை. வாங்கின பதினாலாவது மாசம் துவைச்சுக்கிட்டிருக்கும்போதே நின்னுடுச்சு. உள்ளே தண்ணி, தண்ணிக்குள்ள துணி, கதவு பூட்டு விழுந்த நிலையில. எந்த பட்டனை அழுத்தினாலும் ஒரே ஒரு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டுது. வாரண்டி ரெண்டு வருஷம். சர்வீஸ்காரர் வந்தார், கண்ட்ரோல் போர்டு போச்சுன்னார், மாத்திக் கொடுத்தார். மெஷின்னா கெடத்தான் செய்யும்னு விட்டுட்டேன்.

அடுத்த எட்டாவது மாசம் அதே விளக்கு, அதே சிமிட்டல், அதே ஊறின துணி. இந்தத் தடவை வந்தவர் போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டுப் போனார். ரெண்டு நாள் கழிச்சு குறுஞ்செய்தி: "மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் ஏற்பட்ட சேதம். வாரண்டியில் சேராது." ஸ்டெபிலைசர் இருக்குங்க, ஆரம்பத்துலேர்ந்தே இருக்குன்னேன். அடுத்த நாள் காரணம் மாறிடுச்சு. போர்டுல ஈரப்பதமாம். துவைக்கிற மெஷினுக்கு ஈரம் ஆகாதுன்னா அதை எங்கேதான் வைக்கிறது, பூஜை அறையிலயா?

அப்புறம் ஆரம்பிச்சது பந்தாட்டம். வித்தவர் கம்பெனியைக் கேளுங்கன்னார். கம்பெனி, சர்வீஸ் எங்க நேரடிப் பொறுப்பு இல்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கன்னது. ஒப்பந்தக்காரர், போர்டு கம்பெனி அனுப்புறது, நான் மாட்டுறவன் மட்டும்தான்னார். ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேர்ந்து கதை சொல்லணும். கடைசியில கைக்காசு போட்டு மூணாவது போர்டை மாட்டிட்டேன், துணி துவைக்கணுமே.

காசு போனதைவிட எரிச்சல் ஒண்ணுதான். மூணு இடத்துலயும், எழுதிக் கொடுத்த மாதிரி ஒரே வரி: "இதுவரை வேற யாருமே இப்படிச் சொல்லலையே சார்." உண்மையிலேயே நான்தான் முதல் ஆளா?

#2 | கொசுவலை

சத்தியமா நீங்க முதல் ஆள் இல்லை. பிரிண்டர் விஷயத்துல நான்தான் உலகத்துலயே முதல் ஆள்னு போன வருஷமே எனக்குச் சொல்லிட்டாங்க.

#3 | திருகாணி

அண்ணே, ஆறு வருஷம் இப்படி ஒரு ஒப்பந்தக்காரர்கிட்ட ஸ்குரூ டிரைவர் பிடிச்சவன் நான். கம்பெனி பேர் வேண்டாம், இப்ப அங்க இல்லை.

முதல்ல ஒண்ணு: போன்ல பேசின பொண்ணு பெரும்பாலும் பொய் சொல்லலை. அதுதான் இதுல கொடுமை. அவங்க திரையில உங்க புகார் மட்டும்தான் வரும். பக்கத்து நாற்காலிக்கு அதே போர்டு பத்தி அன்னிக்கே நாலு அழைப்பு வந்திருந்தாலும் இவங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் மேல எங்கேயோ இருப்பார், அவர்கிட்ட நீங்க பேசவே முடியாது.

ரெண்டாவது, நாங்க எழுதுற ஜாப் கார்டு. அதுல காரணத்துக்கு ஒரு கட்டம், அதுக்கு ஒரு கோடு, அதாவது குறியீட்டு எண். வாரண்டி வேலைன்னா கம்பெனி ஒப்பந்தக்காரருக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கும், அதுவும் மூணு மாசம் இழுத்துட்டு. "வெளிக் காரணம்"னு கோடு போட்டா கஸ்டமர் கையில காசு வாங்கிக்கலாம், அன்னிக்கே. வாரண்டி கணக்கு அதிகமாப் போனா ஆடிட் வரும், பில்லை வெட்டுவாங்க. இப்ப சொல்லுங்க, பேனா எந்தக் கட்டத்துக்குப் போகும்? யாரும் எங்களைத் தப்பு எழுதச் சொல்லலை. சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

நாப்பத்தெட்டு மணி நேரத்துல புகாரை மூடணும்னு வேற ஒரு விதி. "வாடிக்கையாளரைத் தொடர்பு கொண்டோம், எடுக்கவில்லை"ன்னு போட்டு மூடிட்டு மறுநாள் புதுசாத் திறப்பாங்க. உங்க பழைய கதை அதோட அழிஞ்சது. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து சொல்லவேண்டி வருது.

ஒரு வேலை பண்ணுங்க. கழட்டின பழைய போர்டு இருக்கா? இருந்தா ரெண்டுலயும் பாகத்தோட எண்ணைப் படிங்க, குறிப்பா கடைசி எழுத்தை. பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத் திறங்க.

#4 | கணக்குப்புலி

எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நான் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவன், வேறு துறைப் பொருள்.

எந்தப் பொருளிலும் ஆரம்பத்தில் கொஞ்சம் கெடும், நடுவில் நீண்ட காலம் அமைதியாக ஓடும், தேய்மானக் காலத்தில் மறுபடி கெடும். லட்சம் விற்றால் சில நூறு திரும்பி வருவதை யாராலும் தவிர்க்க முடியாது. திரும்பி வருகிறவற்றில் கணிசமானவை எங்கள் மேசையில் நன்றாகவே வேலை செய்யும். சிலவற்றை உடைத்துவிட்டு "தானா உடைஞ்சது" என்று அனுப்புவார்கள். தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, காயவைத்து அனுப்பியவரைப் பார்த்திருக்கிறேன், உள்ளே மணல் இருந்தது.

ஆகவே சந்தேகப்படுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. பழையரேடியோவின் போர்டு வடிவமைப்புக் குறையா, ஒரு தொகுப்பின் குறையா, அவர் வீட்டு வயரிங்கா என்று ரெண்டு போர்டை வைத்துச் சொல்ல முடியாது.

#5 | தாழம்பூ

கணக்குப்புலி சார், மணல் கதை சரி. என் கதையையும் கேளுங்க.

போன் தானாக அணைவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. தண்ணீர் பக்கமே போகாத போன். கொண்டுபோனதும் உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைப் பட்டை சிவந்திருக்கிறது என்று காட்டினார்கள். "நீர் சேதம்." முடிந்தது. நான் பேசுவது எதுவும் செல்லாது, பட்டை பேசுவது மட்டும்தான் செல்லும்.

பிறகுதான் தேடிப் படித்தேன். இதே பட்டை விவகாரத்தில் அமெரிக்காவில் ஆப்பிள் மீது வழக்கு நடந்து, 2013ல் 5.3 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்திருக்கிறார்கள். ஈரக்காற்று பட்டே அந்தப் பட்டை நிறம் மாறலாம் என்பதுதான் வழக்கின் மையம். பணம் கொடுத்தார்கள், தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. என் போன் அந்தக் கம்பெனி இல்லை, ஆனால் பட்டை அதே சாதிப் பட்டைதான்.

சந்தேகப்படுவது உங்கள் உரிமை என்றால், உங்கள் பட்டையைச் சந்தேகப்படுவது என் உரிமை இல்லையா?

#6 | வெட்டிவேலை

"யாருமே சொல்லலையே" என்றதும் எனக்கு ரெண்டு கணக்குக் கதைகள் ஞாபகம் வருது. ரெண்டும் உண்மை.

முதல் கதை 1994. இன்டெலின் பென்டியம் சிப் சில வகுத்தல்களைத் தப்பாப் போடுது. கண்டுபிடிச்சவர் தாமஸ் நைஸ்லி, ஒரு சின்னக் கல்லூரியில கணிதப் பேராசிரியர், பகா எண் ஆராய்ச்சியில இருந்தவர். கம்பெனிக்குச் சொன்னார். சுவாரசியம் என்னன்னா, கம்பெனி அந்தக் கோடையிலேயே தானா அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சு, அடுத்த தொகுப்புல சத்தமில்லாமச் சரி பண்ணிக்கிட்டிருந்தது. நைஸ்லிக்குச் சரியான பதில் வரலை. அவர் என்ன செஞ்சார்? தெரிஞ்ச சிலருக்கு மின்மடல் போட்டு "உங்க கணினியிலயும் போட்டுப் பாருங்களேன்"னு கேட்டார். அவ்வளவுதான். மடல் கைமாறி கம்ப்யூசர்வ்ங்கிற அந்தக் காலத்து ஆன்லைன் சேவையோட குழுவுக்குப் போச்சு, அங்கேர்ந்து இணையம் முழுக்க. சீக்கிரமே எவர் வேணும்னாலும் வீட்டுலயே சோதிக்கிற மாதிரி ஒரு கணக்கும் கிடைச்சுது: 4195835ஐ 3145727ஆல் வகுங்க. 1.3338ன்னு வரணும், அந்தச் சிப்புல 1.3337ன்னு வரும்.

கம்பெனியோட முதல் பதில்: சாதாரண ஆளுக்கு இது 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். துல்லியக் கணக்கு போடுறவர்னு நிரூபிச்சாத்தான் மாத்தித் தருவோம். டிசம்பர்ல ஐபிஎம் அந்தச் சிப் வெச்ச கணினிகளை அனுப்புறதை நிறுத்துச்சு. டிசம்பர் 20 அன்னிக்கு "யார் கேட்டாலும் மாத்தித் தர்றோம்"னு இறங்கி வந்தாங்க. செலவுக் கணக்கு 47.5 கோடி டாலர். அக்டோபர் கடைசியிலதான் அந்த மடல் போச்சு. ரெண்டு மாசம்கூட ஆகலை.

ரெண்டாவது கதை டெல். 2003 மே மாசத்துலேர்ந்து 2005 ஜூலை வரைக்கும் வித்த கணினிகள்ல மதர்போர்டு கெபாசிட்டர் வீங்கி ஒழுகுச்சு. அந்தக் காலத்துல பல கம்பெனிகளுக்கு வந்த வியாதிதான், கெபாசிட்டருக்குள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் திரவம் சரியில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில கணினிகள் வரிசையாச் சாகுது. வந்து பார்த்த டெல் சொன்ன காரணத்தைக் கேளுங்க: கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி கணினியை அளவுக்கு மீறி வேலை வாங்கிட்டீங்களாம். கணிதத் துறையில கணக்கு போட்டது தப்பு! பழையரேடியோவோட ஈரப்பதத்துக்கு இது அண்ணன். ஒரு வழக்குல ஆவணங்கள் 2010ல வெளியே வந்தப்போதான் பழுது வர வாய்ப்பிருந்த கணினிகள் 1.18 கோடின்னு தெரிஞ்சது.

அதுல ஒவ்வொரு ஆபீசும் தான் மட்டும்தான்னு நெனச்சிருக்கும்.

#7 | தீப்பொறி

இதெல்லாம் தெரிஞ்சே செய்யறது சார். ஃபோர்டு பின்டோ மறந்துட்டீங்களா? பின்னாடி மோதினா தீப்பிடிக்கிற பெட்ரோல் டேங்கைச் சரி பண்ண ஒரு காருக்கு 11 டாலர், அதைவிட எரிஞ்சு செத்தவங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கறது மலிவுன்னு கணக்குப் போட்டு மெமோ எழுதினவங்க. மனுஷ உயிருக்கு 2 லட்சம் டாலர்னு விலை வெச்சாங்க. இவங்ககிட்டப் போய் ஜாப் கார்டு, கோடுன்னு பேசிக்கிட்டு.

#8 | கணக்குப்புலி

தீப்பொறி, அந்த மெமோவைப் பற்றி எல்லோரும் சொல்லும் வடிவம் பாதிதான் சரி. அது பின்டோவின் பின்பக்க மோதலைப் பற்றியதல்ல. கார் கவிழும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்கும் ஒரு விதிமுறையைப் பற்றியது. நாட்டில் விற்கும் மொத்தம் 1.25 கோடி கார்கள், சிறு லாரிகளுக்குப் போட்ட கணக்கு, அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கே கொடுத்தது. அந்த 2 லட்சம் டாலர் எண்ணும் அந்த அரசு அமைப்பு வகுத்ததுதான். ஃபோர்டு தானாக உட்கார்ந்து விலை வைக்கவில்லை.

ஃபோர்டு நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. டேங்க் இருந்த இடம் ஆபத்தானது, 1978ல் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள், அதுவும் அரசு நெருக்கிய பிறகு. ஆனால் கெட்டவன் மெமோ எழுதுவான் என்று காத்திருந்தால் நிஜமாக நடப்பதைப் பார்க்கத் தவறுவோம். பெரும்பாலான இடங்களில் மெமோவே இருக்காது. திருகாணி சொன்ன கட்டம்தான் இருக்கும்.

#9 | தீப்பொறி

சரி, மெமோ விஷயம் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா கோபம் குறையலை.

#10 | மூன்றாம்சாட்சி

சட்டம் படித்தவன் என்ற முறையில் பந்தாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு, பொதுவாகச் சொல்கிறேன்.

"நான் விற்கவில்லை, அவர் விற்றார், நான் செய்யவில்லை, அவர் செய்தார்" என்பது நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஆட்டம். நியூயார்க்கில் ஒருவர் ப்யூக் கார் வாங்கினார். ஓடும்போது மரச் சக்கரம் நொறுங்கி அவர் தூக்கி எறியப்பட்டார். கம்பெனி சொன்னது: உமக்குக் காரை விற்றது டீலர், சக்கரம் செய்தது வேறொரு கம்பெனி, உமக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே. 1916ல் நீதிபதி கார்டோசோ அந்த வாதத்தை ஏற்கவில்லை. கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்தாகும் ஒரு பொருளைச் செய்து சந்தைக்கு விடுகிறவருக்கு, அதைக் கடைசியில் பயன்படுத்துகிறவர் மீது பொறுப்பு உண்டு என்றார். பல நாடுகளின் சட்டம் பிறகு இந்த வழியில்தான் வளர்ந்தது.

ஆட்டம் நிற்கவில்லை, ஆட்டக்காரர்கள்தான் மாறினார்கள். அமெரிக்காவில் சிம்ப்ளிசிட்டி என்று குழந்தைத் தொட்டில் செய்த கம்பெனி. 2008ல் அதன் சொத்துகளை ஏலத்தில் எடுத்த புதுக் கம்பெனி, பழைய தொட்டில்களைத் திரும்பப் பெற மறுத்துவிட்டது. சொத்து எங்களுடையது, பழைய தொட்டிலின் பொறுப்பு எங்களுடையதல்ல என்று வாதம். அரசு அமைப்பு வேறு வழியில்லாமல் விற்பனையாளர்களை நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இணையச் சந்தை வந்தபின் இன்னொரு விதம். அமேசானில் வாங்கிய நாய்க் கழுத்துப்பட்டையின் வளையம் உடைந்து, கயிறு தெறித்து ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. விற்றவர் யாரென்று தேடினால் ஆளே இல்லை, மாயம். அமேசானோ "நாங்கள் சந்தை நடத்துகிறோம், விற்பவர் இல்லை" என்றது. 2019ல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வழக்கு அதோடு முடியவில்லை, பிறகு சமரசத்தில் போனது, அது வேறு கதை.

பழையரேடியோவுக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஒன்று, கம்பெனி கொடுக்கும் வாரண்டி வேறு, விற்ற பொருள் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் தரும் உரிமை வேறு. வாரண்டி அட்டை முடிந்தது, உரிமையும் முடிந்தது என்று பேசுவார்கள், நம்பாதீர்கள். பிரிட்டனில் 2015 சட்டப்படி முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது அது குறைந்தது ஒரு வருஷம். உங்கள் நாட்டில் என்ன என்று பாருங்கள். ரெண்டாவது, போனில் பேசுவதை நிறுத்துங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. மின்னழுத்தம் என்று ஒருநாள், ஈரம் என்று மறுநாள் சொன்னவர்கள், எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

#11 | அகராதி

சட்டம் தெரியாது, மொழி கொஞ்சம் தெரியும். பழையரேடியோவுக்கு வந்த குறுஞ்செய்தியில் என் கண்ணில் பட்டது ஒரு சொல்: "ஏற்பட்ட".

"ஏற்படுத்திய" என்றால் யார் என்ற கேள்வி வரும். "ஏற்பட்ட" என்றால் வராது. மழை மாதிரி, தானாக. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பதை வாடிக்கையாளர் சேவைத் துறை போல் பயன்படுத்திக்கொண்டவர் யாருமில்லை. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதை நிதானமாகப் படியுங்கள். சிரமம் உங்களுக்கு. அது வந்தது எங்கிருந்தோ. நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போல வருந்துகிறோம். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

இதற்குப் பாடம் நடத்திய கம்பெனியே உண்டு. கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 2008ல் ஊழியர்களுக்குக் காட்டிய ஒரு பயிற்சி விளக்கத்தில், அறிக்கைகளில் எழுதக் கூடாத சொற்கள் என்று பட்டியலே இருந்தது. 69 சொற்கள். 2014ல் அரசு அமைப்போடு செய்த ஒப்பந்தத்தோடு அது வெளியே வந்தது. "குறைபாடு" என்று எழுதாதே, "வடிவமைத்தபடி செயல்படவில்லை" என்று எழுது. "பிரச்சினை" வேண்டாம், "நிலை" அல்லது "விஷயம்" போடு. தவிர்க்க வேண்டியவற்றில் "மரணப் பொறி", "உருளும் சவப்பெட்டி" எல்லாம் உண்டு. யாரோ ஒரு பொறியாளர் முன்பு எழுதியிருந்தால்தானே தடை போடத் தோன்றும்!

அந்த ஒப்பந்தத்துக்குக் காரணமான கார்களில் என்ன குறை என்பதை வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு இயந்திரம் வராது.

#12 | திருகாணி

நான் எழுதறேன். சாவி போடுற இக்னிஷன் சுவிட்ச். ஸ்பிரிங் பலம் பத்தாது. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ முழங்கால் பட்டாலோ ஓடிக்கிட்டிருக்கும்போதே திரும்பிடும். இன்ஜின் நிக்கும், ஸ்டீயரிங் இறுகும், முக்கியமா ஏர்பேக் விரியாது. திரும்ப அழைச்சது 2014ல. அப்புறம் அமைச்ச நஷ்டஈட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124.

இதுல எனக்குத் தூக்கம் கெட்ட இடம் வேற. 2006லயே அந்தச் சுவிட்சை உள்ளுக்குள்ள சரி பண்ணிட்டாங்க. ஆனா பாகத்தோட எண்ணை மாத்தலை. எங்க தொழில்ல அது மகாபாவம். எண் மாறலைன்னா பழசையும் புதுசையும் யாராலயும் பிரிச்சுப் பார்க்க முடியாது. விபத்துல செத்த ஒரு பெண்ணோட குடும்பத்துக்காக வேலை பார்த்த பொறியாளர் ஒருத்தர், பழைய சுவிட்சையும் கடையில புதுசா வாங்கினதையும் பிரிச்சு அளந்தார். ஒரே எண், ஆனா புதுசுல உள்ளே இருக்கிற குச்சி ஒண்ணரை மில்லிமீட்டர் சொச்சம் அதிக நீளம். அங்கதான் எல்லாம் அவிழ்ந்துச்சு.

அண்ணே பழையரேடியோ, மூடியைத் திறந்தீங்களா?

#13 | பழையரேடியோ

திறந்தேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குது, கோபத்துல.

முதல் போர்டை சர்வீஸ்காரர் எடுத்துக்கிட்டுப் போயிட்டார். ரெண்டாவது என்கிட்ட இருக்கு, நான்தான் கொடுக்க மாட்டேன்னு பிடுங்கி வெச்சேன். மூணாவது மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டுக்கும் எண் ஒண்ணு. கடைசி எழுத்து மட்டும் பழசுல "பி", புதுசுல "டி". பழசு மொட்டையா இருக்கு, பாகமெல்லாம் வெளியே தெரியுது, ரெண்டு ரிலேக்கு நடுவுல பச்சைப் பாசி மாதிரி படிஞ்சிருக்கு. புதுசு மேல கண்ணாடி மாதிரி ஏதோ ஊத்தி மூடியிருக்கு. ரெண்டோட போட்டோவும் இணைச்சிருக்கேன்.

#14 | திருகாணி

ரெசின் அண்ணே. ஈரம் உள்ளே போகக்கூடாதுன்னு ஊத்தறது. அப்போ ஈரம் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியும். காரணம் சரியாத்தான் சொல்லியிருக்காங்க, யாரோட குறைன்னுதான் மாத்திச் சொல்லிட்டாங்க.

#15 | கணக்குப்புலி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொருளை மேம்படுத்துவதே குற்றம் ஆகாது, எல்லோரும் எப்போதும் செய்வதுதான். ஆனால் "டி"யில் ரெசின் வந்த பிறகு "பி" போர்டு ஈரத்தால் போனதை வாடிக்கையாளர் தலையில் கட்டியது தவறு. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. இன்னும் ஒன்று: எழுத்து பியிலிருந்து டிக்குப் போக, நடுவில் ஒரு சி இருந்திருக்க வேண்டும். அதாவது ஒரு தடவை சரிசெய்து பார்த்து, அது போதாமல் மறுபடி சரிசெய்திருக்கிறார்கள். ஒரு புகாருக்காக யாரும் இதைச் செய்வதில்லை.

இருந்தாலும் நேர்மையாக நடந்தவர்களும் உண்டு என்று பதிவு செய்கிறேன். 1982ல் சிகாகோவில் யாரோ டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதைச் செய்த ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் தவறே இல்லாதபோதும் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். மேலாண்மை வகுப்புகளில் இன்றும் நடத்துகிறார்கள்.

#16 | தாழம்பூ

அதே கம்பெனிக் குடும்பம்தான் சார், 2009ல் சரியாகக் கரையாத மோட்ரின் மாத்திரைகளைக் கடைகளிலிருந்து எடுக்க, ஒப்பந்த ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி அனுப்பி வாங்க வைத்தது. திரும்பப் பெறுகிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. வகுப்பில் இதையும் நடத்துகிறார்களா?

#17 | கணக்குப்புலி

எங்களுக்கு நடத்தவில்லை.

#18 | கொசுவலை

தாழம்பூ அக்கா இருக்கிற இழையில நான் வாயே திறக்க மாட்டேன்.

#19 | பழையரேடியோ

மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

மூன்றாம்சாட்சி சொன்ன மாதிரி எழுத்துல கேட்டேன். ரெண்டு போர்டோட போட்டோவும் வெச்சேன். இந்த இழையைப் பார்த்துட்டு ஒன்பது பேர் தனிமடல்ல வந்தாங்க, ஒன்பதும் அதே மாடல், அதே விளக்கு. அதுல ஏழு பேருக்கு "வேற யாருமே சொல்லலையே" கிடைச்சிருக்கு. ஒன்பது பேரோட அனுமதியோட புகார் எண்களை மட்டும் கடிதத்தோட இணைச்சு அனுப்பினேன்.

நாலாம் நாள் போன். இதுவரைக்கும் வந்த குரல் இல்லை இது, பதவியில இருக்கிற குரல். "நல்லெண்ண அடிப்படையில், விதிவிலக்காக" போர்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர்றாங்களாம், கூட ஒரு வருஷ வாரண்டி. அனுப்பின தாள்ல மூணு வரி. ஒண்ணு, பணம் பெற்றுக்கொண்டேன். ரெண்டு, இது எந்தக் குறைபாட்டையும் ஒப்புக்கொண்டதாகாது. மூணு, இதுகுறித்து எந்தப் பொதுத் தளத்திலும் தெரிவிக்க மாட்டேன், ஏற்கெனவே தெரிவித்திருந்தால் நீக்கிவிடுவேன்.

அந்த ஒன்பது பேரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கேட்டேன். "அவங்க தனித்தனியா அணுகினா பரிசீலிப்போம் சார்."

வீட்டுல சொல்றாங்க, கையெழுத்தைப் போட்டு முடிச்சுத் தொலைங்க, ரெண்டு மாசமா நீங்க பேசறது போர்டு மட்டும்தான்னு. அதுலயும் நியாயம் இருக்கு. என்ன செய்யட்டும்?

#20 | தீப்பொறி

கிழிச்சுப் போடுங்க.

#21 | அகராதி

"தனித்தனியா." மொத்தக் கதையும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

#22 | மூன்றாம்சாட்சி

கிழிக்க வேண்டாம். ரெண்டாவது வரி வழக்கமானது, போகட்டும். மூன்றாவது வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, நகல் எடுத்துவைத்துக்கொண்டு அனுப்புங்கள். அவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்காவிட்டால், அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் தருகிறார்கள் என்பதாவது எழுத்தில் வரும்.

#23 | கணக்குப்புலி

ஒன்பது பேரின் போர்டு எண், தயாரான வாரம், கெட்ட மாதம் மூன்றையும் ஒரு தாளில் வரிசைப்படுத்தித் தாருங்கள். எந்தத் தொகுப்பு என்று நான் பார்த்துச் சொல்கிறேன். சம்பளம் வேண்டாம்.

#24 | பழையரேடியோ

அடிச்சு அனுப்பிட்டேன். ஆறு நாளாச்சு, பதில் இல்லை. புலி சார், தாள் உங்க தனிமடல்ல இருக்கு.

#25 | புதுவரவு_நீலா

வணக்கம். இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். என் மெஷினும் இதேதான். இன்று காலை நின்றுவிட்டது, உள்ளே குழந்தையின் சீருடை. இப்போதுதான் போன் பேசி வைத்தேன். நான் என்ன பதில் கேட்டிருப்பேன் என்று நீங்கள் எல்லோரும் ஊகித்திருப்பீர்கள்.

#26 | பழையரேடியோ

வாங்கம்மா. முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க. கீழே வலது மூலையில சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தா ஒரு குழாய், அதுல தண்ணியை வடிச்சுடலாம், பக்கெட் ரெண்டு வேணும். வடிஞ்சதும் கதவுப் பூட்டு விடுபட ஒரு அஞ்சு நிமிஷம் ஆகும், இழுத்துடாதீங்க.

சர்வீஸ்காரர் வந்தா பழைய போர்டைக் கொடுக்காதீங்க. கழட்டினதும் போட்டோ எடுங்க. கடைசி எழுத்து பியா, சியா?